ஏழு ஏக்கர்

தாண்டவராயனுக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை இறக்குகிறவன், எடை போடுகிறவன், வாசலில் வேர்க்க விறுவிறுக்க டீ ஆற்றுகிறவன், இத்தனை பேரிடமும் "எம்பொண்ணு திண்டிவனத்துல லுத்தரன் காலேஜ்ல டாக்டர் குரூப் படிக்குது" என்று சொல்லாமல் அவன் ஊர் திரும்பியதில்லை. காலேஜ் என்றால் நிஜக் காலேஜ் இல்லை, ப்ளஸ் டூதான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் வளைவில் 'சாரோன் லுத்தரன் உயர்நிலைப்பள்ளி, ஜூனியர் காலேஜ்' என்று எழுதியிருந்தது. முன்பாதியை முழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தான் மனுஷன்.

எண்பத்தாறாம் வருஷம், தை மாசக் கடைசி. காலையிலேயே விழுப்புரத்தில் வேலை முடிந்துவிட்டது. கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடை ஓரம் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுக்கப் போனான். டீக்கடை பெஞ்சில் ஊர்க்காரன் சீனுவாசன் உட்கார்ந்திருந்தான். ஊர்ச்சேதி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதை ஒரே மடக்கில் குடிக்கமாட்டான், டீ மாதிரி ஆற்றி ஆற்றித்தான் கொடுப்பான்.

"இன்னா தாண்டவராயா, இங்க நின்னுக்கினு இருக்கிற? அங்க ஒன் காலேஜே ஊருக்குள்ள வந்து நிக்குது."

"இன்னாடா சொல்ற?"

"லுத்தரன் ஸ்கூல் பஸ்ஸு. பசங்க, பொண்ணுங்க, வாத்தியாரு, கண்ணாடி போட்ட ஆபீசரு ஒருத்தரு. அத்தினி பேரும் நெலத்துல நின்னுக்கினு மல்லாட்டைச் செடிய புடுங்கி எண்ணிக்கினு இருக்காங்க. ஒம்பொண்ணுந்தான் முன்னால நிக்குது. ஏன்யா, டாக்டருக்குப் படிக்கிறவங்க மல்லாட்டைக்கும் ஊசி போடுவாங்களா?"

பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். தாண்டவராயன் சிரிக்கவில்லை.

"யாரு நெலத்துல?"

சீனுவாசன் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். "அங்கதான் சங்கதியே. ஒன் அண்ணன் நெலத்துல."

தாண்டவராயன் மடியிலிருந்து சாவியை எடுத்தான். சைக்கிள் பூட்டுக்குள் சாவி நுழைய மறுத்தது. மல்லாட்டையை விடுங்கள். மகள் வெயிலில் நிற்பதையும் விடுங்கள். போயும் போயும் பச்சைமுத்துவின் நிலத்திலா?

அண்ணன் தம்பி இரண்டே பேர். அப்பா குப்புசாமி விட்டுப்போனது ஏழு ஏக்கர். பாகம் பிரித்தபோது, அம்மாவை வைத்துக் காப்பாற்ற ஒப்புக்கொண்டதால் பச்சைமுத்துவுக்கு நாலு ஏக்கர் போனது, தாண்டவராயனுக்கு மூன்று. கிணறு பொது. மோட்டாரும் கரண்டு சர்வீஸும் அண்ணன் பேரில். அம்மா இருக்கும்வரை எல்லாம் சுமுகமாகத்தான் ஓடியது. அம்மா போன மறுவருஷம், எண்பதாம் வருஷம், மாட்டுப்பொங்கலன்று கிணற்றடியில் தண்ணீர் முறைக்காகச் சண்டை வந்தது. எந்த ஊரில் வராத சண்டை? இரண்டு நாள் முறைத்துக்கொண்டு மூன்றாம் நாள் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்றிருப்பார்கள். ஆனால் தாண்டவராயனுக்கு வாய் நீளம் என்று முதலிலேயே சொன்னோமே. கூடியிருந்த பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும், "புள்ள குட்டி இல்லாதவனுக்கு எதுக்குய்யா நாலு ஏக்கரு? செத்தா யாரு திங்கப்போறா?" என்று கேட்டுவிட்டான்.

கூட்டம் கப்சிப் என்று ஆகிவிட்டது. பச்சைமுத்துவின் பெண்டாட்டி கையில் இருந்த பொங்கல் தூக்கை அப்படியே கீழே வைத்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். பச்சைமுத்து தம்பியை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இன்னியிலேர்ந்து ஒம்பேர என் வாயால சொல்லமாட்டேன். சொன்னா நான் குப்புசாமிக்குப் பொறக்கல" என்று மட்டும் சொன்னான். ஆறு வருஷமாகச் சொல்லவில்லை. ஊரில் வேறு யாராவது அந்தப் பேரை எடுத்தால்கூட, "ஆரு, அந்த மூணு ஏக்கர்க்காரனா?" என்பான். தாண்டவராயன் மட்டும் லேசுப்பட்டவனா? உன் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்று தன் பக்கத்து வாய்க்கால் வாயை மண்ணைப் போட்டுத் தானே அடைத்துவிட்டு, ஆறு வருஷமாக மானத்தைப் பார்த்து விவசாயம் பண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த நிலத்தில்தான் இப்போது மகள் நிற்கிறாள் என்றால் எப்படி இருக்கும் அவனுக்கு? ஊர்வரைக்கும் மூன்று மைலையும் ஒரே மூச்சில் மிதித்தான். பின்னாலேயே சீனுவாசனும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இப்பேர்ப்பட்ட வேடிக்கையை விட்டுவிட அவனுக்கு என்ன தலையெழுத்தா?

மிதித்துக்கொண்டே தாண்டவராயன் அந்த ஜூன் மாசத்தை நினைத்துப் பார்த்தான். எண்பத்து நாலு. லுத்தரன் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு கரும்பலகை. அதில் முதல் குரூப், இரண்டாம் குரூப், மூன்றாம் குரூப், தொழில் குரூப்புகள் என்று வரிசையாக எழுதி, எதெதில் என்னென்ன பாடம் என்று சாக்பீசில் போட்டிருந்தது. அவனுக்குப் பஸ் போர்டு படிக்கும் அளவுக்குத்தான் படிப்பு. கையெழுத்து மட்டும் ஜோராகப் போடுவான். தலைமையாசிரியர் சத்தியநாதன் ஜெப மணி அடித்து முடிந்ததும் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் அப்பனையும் கூப்பிட்டு, "நிலம் இருக்கா? எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் நின்றவனுக்கு மயிலத்துப் பக்கம் வாழைத்தோப்பே இருந்தது. ஆனால் அந்தப் பயல், சம்பளச் சலுகை கிடைக்குமே என்று, "கூலி வேலைங்க சாமி" என்று கும்பிடு போட்டான். தாண்டவராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதெல்லாம் ஒரு பிழைப்பா! தன் முறை வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"ஏழு ஏக்கருங்க. கெணறு, மோட்டாரு எல்லாம் இருக்குது."

சத்தியநாதன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சொந்தமா?"

"சொந்தந்தானுங்க. எங்கப்பன் குப்புசாமி சம்பாரிச்சது."

பக்கத்தில் நின்ற மகள் பூமாலை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கையைத் தட்டிவிட்டான். சத்தியநாதன் தலையை ஆட்டிக்கொண்டு தாளில் என்னவோ எழுதினார். தாண்டவராயன் ஜோராக ஒரு கையெழுத்துப் போட்டான். நாலாம் நாள் பூமாலை தனியாகப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "எடம் கெடச்சிடுச்சிப்பா" என்றாள். அவ்வளவுதான். நம்முடைய தோரணையைப் பார்த்ததும் டாக்டர் குரூப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று அன்றைக்குப் பிடித்த பெருமை, ஒன்றரை வருஷமாக இறங்கவே இல்லை.

இப்போது ஒவ்வொரு மிதிக்கும் ஒரு அங்குலமாக இறங்கியது.

களத்துமேட்டைத் தாண்டும்போதே பஸ் தெரிந்தது. நிலத்தில் இருபது பிள்ளைகள் இருக்கும், எல்லோரும் வெள்ளையும் நீலமுமாக யூனிபார்ம். கண்ணாடி போட்ட ஆபீசர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பாவாடையைச் சொருகிக்கொண்டு, செடிக்கு நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தாள் பூமாலை. ஒரு மல்லாட்டைச் செடியை வேரோடு பிடித்துத் தூக்கி, மண்ணை உதறி, காய் இறங்கும் விழுதுகளை விரலால் எண்ணிக் காட்டினாள். அவளுக்கு நாலடி தள்ளி, முழங்கால் வரை சேறோடு, தலையில் துண்டோடு, பச்சைமுத்து நின்றான்.

தாண்டவராயன் சைக்கிளை அப்படியே போட்டான். அது சாய்ந்த சத்தம்கூட அவன் காதில் விழவில்லை. மகளை மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவது என்றுதான் வரப்பில் கால் வைத்தான். மோட்டார் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு கை அவன் தோள்துண்டைப் பிடித்து இழுத்தது. திரும்பினால் வீரம்மாள், அவன் பெண்டாட்டி.

"இந்தாய்யா, நில்லு. ஒரு வார்த்த பேசாத."

"நீ இங்க இன்னாடி பண்ற? இவன் நெலத்துல?"

"மெதுவா பேசுய்யா. ஆபீசர் காதுல வுழுந்தா ஒம்பொண்ணு படிப்பு இன்னியோட முடிஞ்சிது."

"இன்னாடி படிப்பு? மல்லாட்டை புடுங்குற படிப்பா? அது ஏன்டி இங்க…"

"விவசாயம் படிக்குதுய்யா."

அவனுக்கு முதலில் புரியவில்லை. சீனுவாசன் பின்னால் வந்து நின்றதைக்கூட அவன் பார்க்கவில்லை.

"டாக்டர் குரூப்பும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. தொழில் குரூப்பு. விவசாயம்" என்றாள் வீரம்மாள். "டாக்டர் குரூப்புக்கு நானூறுக்கு மேல மார்க்கு வேணுமாம். ஒம்பொண்ணு வாங்கினது முந்நூத்தி எழுவத்தொண்ணு. வேற ஒண்ணுலயும் எடமில்ல. இந்த விவசாய குரூப்புல மட்டுந்தான் எடம் இருந்துது. அது எப்பிடித் தெரியுமா? அந்தக் காலத்து மிசன் தொரைங்க வச்ச சட்டமாம். அஞ்சு ஏக்கருக்கு மேல சொந்த நெலம் இருக்கிறவங்க புள்ளைங்களுக்கு மட்டுந்தான் அந்தக் குரூப்பு. ஏன்னா ரெண்டு வருஷமும் அவங்க அவங்க நெலத்தப் பத்தியே நோட்டு எழுதணும். நீதான அங்க நின்னுக்கினு ஏழு ஏக்கருன்னு ஓதினவன்?"

ஆக, மகளை விவசாயத்தில் எழுதிப்போட்டது கிளார்க்கும் இல்லை, சத்தியநாதனும் இல்லை. அவனுடைய சொந்த வாய்தான்.

"மூணுன்னு சொல்லியிருந்தா?"

"அன்னிக்கே பொட்டியோட வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? மல்லாட்டை போட காலேஜா, எங்கப்பன் எந்தக் காலேஜுல படிச்சான்னு கத்திக்கினு போயி இட்டாந்திருப்ப. அடுத்த ஆவணியில எவனாவது ஒருத்தன் தலையில கட்டியிருப்ப. சத்தியமா சொல்லு, கட்டியிருக்கமாட்ட?"

கட்டியிருப்பான். அது அவனுக்கே தெரியும். ஒன்றரை வருஷமாக சனிக்கிழமை சனிக்கிழமை விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்த மகள், அவன் அனந்தபுரம் சந்தைக்குக் கிளம்பிப் போனதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு பெரியப்பன் நிலத்துக்கு ஓடியது அவனுக்குத் தெரியாது. நோட்டில் இலையும் வேருமாகப் படம் போட்டிருப்பதைப் பார்த்து, மருந்தெல்லாம் செடியிலிருந்துதானே வருகிறது என்று கமிட்டியில் போய் அதற்கும் பெருமை பேசியிருக்கிறான். அட மடையா!

"ஏழு ஏக்கர் கணக்குக்கு…" என்றான்.

"நம்ம மூணு, அவரு நாலு. ஏழு வந்துடுச்சா? அளக்கறதுக்கு டேப்பு புடிச்சதே உங்க அண்ணந்தான். மொத நாளே பூமாலை அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுச்சி. அவரு ஒரு வார்த்த பேசல. பேசாம போயி டேப்போட அந்த முனைய புடிச்சாரு." வீரம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப வந்திருக்கிறவரு விழுப்புரம் விவசாய ஆபீசரு. நெலத்த நேர்ல பாத்து, நோட்டுல கையெழுத்துப் போட்டாத்தான் அது பரீட்சை எழுத முடியும். மார்க்கு நல்லா வந்தா கோயமுத்தூரு காலேஜு. நெசக் காலேஜு. நெலம் பொய்யின்னு தெரிஞ்சா நோட்டும் போச்சு, பரீட்சையும் போச்சு. வந்தியா, கம்முனு நில்லு."

அவள் சொல்லி முடிக்கவும், வரப்பில் ஆபீசர் குரல் கேட்டது.

"இந்தப் பக்கம் மூணு ஏக்கர்ல செடி இவ்வளவு வாடியிருக்கே, ஏம்மா? ஒரே கிணறுன்னு மேப்ல காட்டியிருக்க."

பூமாலை எழுந்து நின்றாள். பதினேழு வயசு. அவள் அப்பனை அப்போதுதான் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லாமல் போய்விட்டது. ஆனால் குரல் உடையவில்லை.

"கெணத்துல தண்ணி இருக்குது சார். வாய்க்கா அடைச்சிருக்குது சார்."

"யாரு அடைச்சா?"

"ஆறு வருஷமா அடைச்சிருக்குது சார்" என்றாள். யார் என்று சொல்லவில்லை. "தெறந்துவிட்டா அந்த மூணு ஏக்கர்லயும் இதே மகசூல் வரும். கணக்குப் போட்டு இருபதாம் பக்கத்துல எழுதியிருக்கேன் சார்."

ஆபீசர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "ம்ம், சரியாத்தான் போட்டிருக்க" என்றார். கூட வந்த விவசாய வாத்தியார் ஜெயசீலனுக்கு வாயெல்லாம் பல். தாண்டவராயனுக்கு மட்டும் யாரோ நடுத்தெருவில் நிறுத்தி வேட்டியை உருவிய மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் இழுத்துக்கொண்டு போக வந்த பெண், இவன் ஆறு வருஷமாகப் பண்ணிய மடத்தனத்தை அளந்து, பெருக்கி, ஒரு முழுப்பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறது.

"சரி. நிலச் சொந்தக்காரர் என் முன்னால ஒரு கையெழுத்துப் போடணும்" என்றார் ஆபீசர். "அதோட முடிஞ்சுது. கூப்பிடுமா உங்கப்பாவ."

அவள் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவாள்? ஒரு பக்கம் விழுப்புரத்துக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடக்க, மூச்சு வாங்க நிற்கிறான் பெற்றவன். இன்னொரு பக்கம் சேற்றுக்காலோடு பெரியப்பன். அவள் கண் அங்கும் இங்கும் போனது. தாண்டவராயன் அவள் தயங்குவதைப் பார்த்தான். தன்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறது, நாலு பேர் முன்னால் அடித்துவிடுவானோ என்று பயப்படுகிறது என்று நினைத்தான். நெஞ்சு கரைந்துவிட்டது அவனுக்கு. விவசாயம் என்றால் விவசாயம், படித்துவிட்டுப் போகட்டும். அப்பன்காரன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது. வீரம்மாள் பிடித்திருந்த துண்டை விடுவித்துக்கொண்டு வரப்பில் நடந்துபோய் நோட்டை வாங்கினான்.

"எங்கங்க போடணும்?"

"கடைசிப் பக்கம். மாசா மாசம் போட்டிருக்கிங்களே, அதே மாதிரி. கையெழுத்து ஒத்துப்போகணும், பாத்துப் போடுங்க."

மாசா மாசமா? தாண்டவராயன் பக்கத்தைப் புரட்டினான். ஒவ்வொரு மாசத்தின் அடியிலும், நிலச் சொந்தக்காரர் கையொப்பம் என்ற கோட்டுக்கு மேல், ஒரு கையெழுத்து. கு. தாண்டவராயன். இன்னொரு பக்கம். கு. தாண்டவராயன். எழுத்து குண்டு குண்டாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஏர் ஓட்டிய மாதிரி நேராக, அடியில் இரண்டு கோடு. கையெழுத்து போடுகிறவனுக்கு எழுதிப் பழக்கமில்லை என்பது பார்த்தாலே தெரியும். பேனாவை அவ்வளவு அழுத்தி எழுதியிருந்ததால் மறுபக்கத்தில் தடவினாலே எழுத்து கைக்குத் தட்டுப்பட்டது.

அந்த இரண்டு கோடு அவனுக்குத் தெரியும். பாகப்பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. அம்மாவின் கருமாதிக் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. பேருக்கு அடியில் இரண்டு கோடு போட்டால்தான் பேர் நிற்கும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை அண்ணனுக்கு.

தாண்டவராயன் எண்ணினான். ஏன் எண்ணினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. பதினெட்டு. இவன் பேரை வாயால் சொல்லமாட்டேன் என்று கிணற்றடியில் சத்தியம் பண்ணியவன், சொல்லத்தானே கூடாது என்று, பதினெட்டு மாசம், மாசத்துக்கு ஒரு தடவை, இந்தப் பேரை எழுதியிருக்கிறான். எழுதி, கீழே விழுந்துவிடாதபடிக்குக் கோடும் போட்டிருக்கிறான்.

அவனுக்கு வந்தது கோபமா, வெட்கமா, அழுகையா என்றே பிடிபடவில்லை.

"என்னங்க, போடுங்க" என்றார் ஆபீசர்.

பேனா விரலில் இருந்தது. போட்டால் அவன் கையெழுத்து ஜோராக, சாய்வாக, கடைசியில் ஒரு சுழியோடு விழும். பதினெட்டுப் பக்கத்துக்கும் இதற்கும் ஒட்டாது. உண்மையான தாண்டவராயன் போடும் உண்மையான கையெழுத்துத்தான் இந்த நோட்டில் பொய்க் கையெழுத்தாகப் போகும். பூமாலை இதற்காகத்தான் தயங்கி நின்றாள். அடிக்குப் பயந்து இல்லை. அவனை எப்படி அப்பா இல்லை என்று சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

அவளைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, நேருக்கு நேராக. தலை நரைத்துவிட்டிருந்தது பச்சைமுத்துவுக்கு. இத்தனைக்கும் ஒரே வாய்க்கால்தான் நடுவில், எப்போது நரைத்தது என்று இவனுக்குத் தெரியவில்லை.

தாண்டவராயன் நோட்டையும் பேனாவையும் அண்ணனிடம் நீட்டினான்.

"தாண்டவராயா" என்றான். தன் பேரைத் தானே கூப்பிட்டதில் நாக்கு ஒரு தரம் புரண்டது. "ஒன்னத்தான் கேக்குறாரு. போடு."

பச்சைமுத்து திடுக்கிட்டுப் பின்னால் ஒரு அடி வைத்தான். சேற்றில் கால் வழுக்கியது. வரப்பில் நின்ற சீனுவாசன் 'ஆங்' என்று வாயைத் திறந்தான். வீரம்மாள் திரும்பி ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

ஆபீசர் ஒருத்தரையும் இன்னொருத்தரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருங்க நிலச் சொந்தக்காரரு? பேரச் சொல்லுங்க."

பச்சைமுத்து தலைத்துண்டை அவிழ்த்தான். அவன் பிடிவாதம் ஊருக்கே தெரியும். அம்மா மேல் சத்தியம் என்றால்கூட ஒருவேளை மீறியிருப்பான், இது அப்பன் பேரில் பண்ணிய சத்தியம். பூமாலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அந்த மல்லாட்டைச் செடி, வேரில் மண்ணோடு, இன்னும் அப்படியே இருந்தது.

"தாண்டவராயன்" என்றான் பச்சைமுத்து.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. சொல்லிவிட்டு நோட்டை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். அடியில் இரண்டு கோடு போட்டான். இரண்டாவது கோடு கோணிக்கொண்டு போயிற்று.

ஆபீசர் முன்பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "சரியா இருக்கு" என்று தன் கையெழுத்தைப் போட்டார். ஜெயசீலன் முத்திரையை எடுத்துக் குத்தினார். பூமாலையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. பரீட்சை பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஜெயசீலன் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பஸ்ஸைப் பார்க்க நடந்த ஆபீசர், வெள்ளைச் சட்டைக்காரன் ஒருத்தன் வழியை மறித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பதைப் பார்த்துக் குடையைத் தாழ்த்தினார்.

"நீங்க யாருங்க? சொந்தமா?"

"ஆமாங்க. பொண்ணுக்குப் பெரியப்பனுங்க. பச்சைமுத்துன்னு பேரு."

"அப்படிங்களா. உங்க பிள்ளைங்க யாராவது இந்த மாதிரி படிக்கிறாங்களா?"

சும்மா மரியாதைக்குக் கேட்ட கேள்விதான். தாண்டவராயன் வாய்க்கு எந்தப் பதிலும் எப்போதும் தயாராக இருக்கும். இந்தப் பதிலுக்கு மட்டும் அவன் வாய் வெகுநேரம் எடுத்துக்கொண்டது. அண்ணன் மூன்றடி தள்ளித்தான் நின்றான், தலையைக் குனிந்துகொண்டு, எல்லாம் காதில் விழ.

"இல்லீங்க" என்றான் தாண்டவராயன். "எனக்குப் புள்ள குட்டி இல்லீங்க."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு கனம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஒருத்தன் அடுத்தவன் மேல் இதைத் தூக்கி எறிந்துவிட்டு ஆறு வருஷம் சோறு தின்று தூங்கியிருக்கிறானே என்று அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஆபீசர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கேட்டிருக்கக் கூடாதோ என்ற சங்கடத்தில் அவன் தோளைத் தொட்டார்.

"அதனால என்னங்க, தம்பி பொண்ணு உங்க பொண்ணு மாதிரிதானே" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.

பிள்ளைகளும் ஏறினார்கள். பூமாலை கடைசியாக ஏறினாள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, நிலத்தில் நின்ற இரண்டு பேரையும் பஸ் களத்துமேடு தாண்டும்வரை பார்த்துக்கொண்டே போனாள். சீனுவாசன் மெல்ல வந்து, "யோவ், இது இன்னாய்யா கூத்து?" என்று ஆரம்பித்தான். வீரம்மாள் அவன் சைக்கிளைத் திருப்பி அவன் கையில் கொடுத்து அனுப்பினாள்.

பச்சைமுத்து மண்வெட்டியை எடுத்தான். வரப்பில் ஏறி, அடைத்துக் கிடந்த வாய்க்கால் வாயில் போய் நின்றான். ஆனால் வெட்டவில்லை. அது தம்பி போட்ட மண். தம்பிதான் எடுக்கவேண்டும். மண்வெட்டியை வரப்பில் நட்டு வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

தாண்டவராயன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி வீரம்மாளிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான்.